மேடையைக் கடக்கும் தூரம்

டாட்மோர்டன்
14 அக்டோபர் 2006

ஜோஸ்,

இந்தக் கடிதம் உன் அம்மாவின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று பயந்து, எழுதிய தாள்களை எல்லாம் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன். என் அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தாம்சின். தாம்சின் ஹோல்ராய்ட். நம் இரண்டு அம்மாக்களும் உங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நம்மைப் போலக் காரணம் தெரியாமல் உடம்பு முழுக்க ஓய்ந்துபோகும் நோய் வந்த பிள்ளைகளுக்காகச் சங்கம் தொடங்கியபோது, மாடியில் ஒரே கட்டிலில் உன் தலைப்பக்கம் கால் நீட்டிப் படுத்திருந்தவள். பிறகு சங்கம் இரண்டாக உடைந்தது. நோயாளிகளைச் சிறிது சிறிதாக நடக்க வைத்துக் குணப்படுத்தலாம் என்று என் அம்மா 'முதல் அடி' அறக்கட்டளையை நடத்துகிறாள். அது நோயை முற்றவைக்கும், ஓய்வுதான் வேண்டும் என்று உன் அம்மா 'மூடிய திரை'யை நடத்துகிறார். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் உங்கள் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை.

நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று எனக்கு மிஸ்டர் கிராப்ட்ரீ மூலம்தான் தெரிந்தது. பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து கணக்குச் சொல்லித் தருபவர். போன வாரம் என் விடைகளைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பக்கத்து ஊரு ஹெப்டன்ல ஒருத்தி இருக்கா, உன்னை மாதிரியே படுத்த படுக்கை. அவளுக்கும் அல்ஜீப்ரா வராது."

"பேரு என்ன சார்?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது. எழுந்து உக்கார முடியாது, ஆனா வாய் மட்டும் அடுத்த மாவட்டம் லங்காஷயர் வரைக்கும் கேக்கும்."

நீதான் என்று உடனே தெரிந்துவிட்டது. கடிதம் எழுதித் தந்தால் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "நான் கணக்கு வாத்தியார்மா, தபால்காரன் இல்ல" என்றார். சொல்லிவிட்டுப் பையைத் திறந்து, கடிதம் வைக்க இடம் காட்டினார்.

விஷயம் இதுதான். மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்தில் நான் இருக்கிறேன். உடம்பு என்ன சொன்னாலும், போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். நான் தேறிவருகிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நடந்த மறுநாள் கால்கள் இரண்டும் ஈர மணல் மூட்டைகளாகிவிடுகின்றன. யாரோ அவற்றை என் இடுப்பில் தைத்துவிட்டுப் போனது போல இருக்கிறது. பேசும்போது சொற்கள் காணாமல் போகின்றன. போன திங்கட்கிழமை 'கரண்டி' என்ற சொல் வராமல் அழுதேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் 'முதல் அடி'யின் கூட்டம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பயிற்சிப் பிரிவு திறக்கப் போகிறார்கள். நான் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கைத்தடி இல்லாமல் நடந்து, மைக்கில் நன்றி சொல்ல வேண்டும். அதற்காக அம்மா சிவப்பு ஷூ வாங்கியிருக்கிறாள்.

விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. விழாமல் நடந்து முடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளையும் நடக்கச் சொல்வார்கள்.

உனக்கும் இப்படித்தானா, ஜோஸ்? எனக்கு மட்டும்தானா?

தாம்சின்

*

ஹெப்டன் பிரிட்ஜ்
20 அக்டோபர், வெள்ளி

மாண்புமிகு தாம்சின் ஹோல்ராய்ட் அவர்களுக்கு,

இரண்டு வருடம் கழித்து நினைவு வந்ததா? நல்லது. எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் கோபப்பட உட்கார வேண்டும், என்னால் முடியாது. எனவே படுத்தபடியே கோபமாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

எனக்கும் அப்படித்தான். எனக்கு மணல் மூட்டை இல்லை, ஈரக் கம்பளி. வெளிச்சமும் சத்தமும் தாங்காது, அதனால் கண்ணில் துணி, காதில் பஞ்சு. அம்மா ஊட்டினால் சூப். குளியல் என்பது பழைய ஞாபகம். நீ நடக்கிறாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்தது பொறாமை. அப்புறம் உன் கடிதத்தை வாசித்தேன். பொறாமை போய்விட்டது.

(கை விழுந்துவிட்டது. இப்போது ஞாயிறு.)

உங்கள் அறக்கட்டளை கால்வாய்க் கரையில் நடைப்பயணம் நடத்தி நன்கொடை திரட்டியதாமே! நடக்க முடியாதவர்களுக்காக, நடக்க முடிகிறவர்கள், நடந்து காட்டிவிட்டு, தேநீர் குடித்தார்களாம். பத்திரிகையில் படம் வந்ததாம். படத்துக்குக் கீழே "சோர்வை வெல்வோம்" என்று போட்டிருந்ததாம். சோர்வாம்! நம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து அடுப்பு வரைக்கும் தண்ணீர் ஏறும்போது அதை ஈரம் என்று யாராவது சொல்வார்களா?

(செவ்வாய்.)

ஒரு கேள்வி. உன் அம்மா ஏன் மாறினார்? இங்கே நம் இருவரையும் ஒரே கட்டிலில் போட்டு, திரையை இழுத்து மூடிய ஆள் அவர்தானே. என் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பெரும்பாலும் சூப் கிளறும்போது. "ஜில்லியன் நம்மளை வித்துட்டா, ஜோஸ். வெள்ளைக் கோட்டைப் பாத்ததும் வித்துட்டா." எனக்கு அது நம்பும்படி இல்லை.

எப்படியோ போகட்டும். உன் பிரச்சினைக்கு மருந்து ஒரே சொல்தான். முடியாது என்று சொல். அந்த சிவப்பு ஷூவைக் கால்வாயில் எறி. உன் காலுக்கு உன் அம்மாவா சொந்தக்காரி, மருத்துவரா சொந்தக்காரர்?

ஜோஸ்

பி.கு: அல்ஜீப்ரா வராது என்பது பொய். வர மறுக்கிறேன்.

*

டாட்மோர்டன்
1 நவம்பர்

ஜோஸ்,

முடியாது என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாசித்ததும் கிழித்துவிடு. உன் அம்மாவிடம் மட்டும் சொல்லவே சொல்லாதே.

எனக்குப் பதின்மூன்று வயது முடிந்த சமயம். பள்ளிக்குப் போகாமல் ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா அப்போது உங்களைப் போலத்தான், திரையை மூடி என்னை அசையாமல் வைத்திருந்தாள். பள்ளியிலிருந்து யாரோ குழந்தைகள் நலத்துறைக்குப் புகார் எழுதிவிட்டார்கள். ஒரு நாள் ஐந்தாறு பேர் வீட்டுக்கு வந்து கீழே முன்னறையில் உட்கார்ந்தார்கள். நான் மாடியில் தரைப்பலகையில் காதை வைத்துக் கேட்டேன்.

"இந்தப் பொண்ணுக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. அம்மாதான் படுக்க வெச்சு நோயாளி ஆக்கறாங்க."

"அப்படின்னா அம்மாகிட்ட இருந்து பிரிச்சு ஆஸ்பத்திரி வார்டுல வெச்சுப் பாக்கறதுதான் நல்லது."

பிறகு அம்மாவின் குரல். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதுன்னாலும் செய்யறேன். அவளை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

பயிற்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றார்கள். சேர்த்தாள். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம்தான் உன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "எவ்வளவு குடுத்தாங்கடி உனக்கு?" என்று கத்தினார். அம்மாவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதில், "உன் மக எழுந்திரிக்கவே கூடாதுன்னு ஆசைப்படறவ நீதான்" என்று திருப்பிக் கத்தினாள். கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அதன் பிறகு அவள் அந்தத் திட்டத்தை நம்பத் தொடங்கினாள். நம்பாவிட்டால் எப்படி என்னை எழுப்பி நடக்க வைப்பாள்?

இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றி நானும் அம்மாவும்கூட பேசிக்கொள்வதில்லை. மருத்துவமனையில் பரிசோதனை வரப்போகிறது என்றால், சில நாட்கள் முன்னதாகவே அம்மா தொலைபேசியைக் கழற்றிவிடுவாள். என் அறைத் திரைகளை மூடுவாள். நடைப்பயிற்சி கிடையாது, கணக்கு வகுப்புகூட ஐந்து நிமிடம்தான். பக்கத்து வீட்டாரிடம், "தாம்சினுக்குச் சளி" என்பாள். அப்படிப் படுத்திருந்துவிட்டுப் போவதால் அவர்களின் நடை இயந்திரத்தில் நன்றாக நடந்துவிடுகிறேன். மருத்துவர் சிரிக்கிறார். பயிற்சி பலன் தருகிறது என்று எழுதுகிறார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் விழுந்துவிடுகிறேன். அதை அவர் பார்ப்பதில்லை.

நான் முடியாது என்று சொன்னால், அம்மாதான் சொல்ல வைத்தாள் என்பார்கள். என்னை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வார்டில் திரை கிடையாது, இரவெல்லாம் விளக்கு எரியும் என்று அங்கே இருந்துவிட்டு வந்த ஒரு பெண் சொன்னாள்.

அதனால் நடக்கத்தான் போகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லிவிட்டேன்.

தாம்சின்

*

ஹெப்டன் பிரிட்ஜ்
9 நவம்பர்

தாம்சின்,

ஞாயிறு, வருடா வருடம் வரும் பட்டாசு இரவு. மலை முழுக்க வெடித்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என் மண்டைக்குள் ஒரு ஜன்னல் உடைந்தது. மிஸ்டர் கிராப்ட்ரீ அவர் மனைவி செய்த இஞ்சி கேக் கொண்டுவந்தார். மெல்ல முடியாததால் பாலில் கரைத்துக் குடித்தேன். பிரமாதம்.

இப்போது கெட்ட செய்தி. உன் முதல் கடிதத்தில் கால்களைப் பற்றி எழுதிய பத்தி இருக்கிறதே, அதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அது மட்டும்தான். நலத்துறை, திரை, சளி எதையும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது கடிதத்தை நீ சொன்னபடி கிழித்து, அதையும் பாலில் ஊறவைத்து விழுங்கியே விட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். போனவள் அதை 'மூடிய திரை' செய்தி மடலின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டாள். "பயிற்சித் திட்டத்தில் சிக்கியிருக்கும் ஒரு சிறுமியின் குரல்." பெயர் இல்லை, ஊர் இல்லை.

எனக்குத் தெரிந்தபோது மடல் அச்சாகி வந்துவிட்டது.

கோபப்படு. ஆனால் யோசித்தும் பார். அதை வாசித்துவிட்டு யாராவது ஒரு பிள்ளையை நடக்கவிடாமல் நிறுத்தினால் நல்லதுதானே?

ஜோஸ்

*

டாட்மோர்டன்
17 நவம்பர்

ஜோசலின்,

இனிமேல் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை யாரோ அந்த மடலை எங்கள் கதவு இடுக்கு வழியாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா சமையலறையில் நின்றபடி வாசித்தாள். நான் சோபாவில் படுத்திருந்தேன். டோஸ்ட் கருகிப் புகை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஈர மணல் மூட்டை."

நான் புகையும் டோஸ்டைக் கைகாட்டினேன்.

"போன மாசம் உன்னைக் குளியல் தொட்டியில இருந்து தூக்கினப்போ இதை என்கிட்ட சொன்னே. வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லலம்மா."

"அப்படின்னா ஜோஸோட அம்மா மோரீனுக்குக் கனவுல வந்துச்சா?"

மிஸ்டர் கிராப்ட்ரீயின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது முகம் வெளிறிவிட்டது. "எனக்கு வேலை போச்சுன்னா உங்க ரெண்டு பேருக்கும் சதவீதம் யாரு சொல்லித் தர்றது?" என்றார். இருந்தும் பையைத் திறந்து பிடிக்கிறார்.

பெயர் இல்லாவிட்டாலும், திட்டத்தில் இருக்கும் சிறுமி என்றதும் இங்கே எல்லோருக்கும் என் ஞாபகம்தான்; அன்று மாலையே 'முதல் அடி' ஆட்கள் தொலைபேசியில் வந்தார்கள். அது தாம்சினா, தாம்சின் இல்லை என்று அறிக்கை விடலாமா என்று கேட்டார்கள். மறுநாள் உங்கள் ஆட்கள். பெயர் சொல்லாமல் ஒரு பெண், "தைரியமா இரும்மா, நாங்க எல்லாம் உன் பின்னாடி இருக்கோம்" என்றாள். வியாழக்கிழமை நலத்துறை. மடல் அவர்களுக்கும் போயிருக்கிறது. டிசம்பர் ஆறாம் தேதி எங்கள் வீட்டில் மறுபடி கூடி, என்னை என்ன செய்வது என்று முடிவு செய்வார்களாம். அதற்கு முன்னால் நலத்துறை அம்மாள் ஒருவர் தேவாலயக் கூடத்துக்கு வந்து நான் நடப்பதைப் பார்ப்பாராம். நன்றாக நடந்தால் கவலை இல்லையாம். நடக்காவிட்டால், வீட்டில் யாரோ என்னைத் தடுக்கிறார்கள் என்று அர்த்தமாம்.

மேடையைக் கடப்பது முன்பு நன்றி சொல்வதற்காக இருந்தது. இப்போது வீட்டில் இருப்பதற்காக.

வாசித்துவிட்டு யாராவது ஒரு பிள்ளையை நிறுத்தினால் நல்லதுதானே என்று கேட்டாய். நல்லதுதான். ஆனால் அது என் கால். என் குளியல் தொட்டி. உன் அம்மாவுக்கு நான் படுத்திருக்கும் படம் வேண்டும். என் அம்மாவுக்கு நான் நடக்கும் படம் வேண்டும். ஊரில் இத்தனை பேர் என் உடம்பைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், ஒருவர்கூட "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கவில்லை. உன் காலுக்கு யார் சொந்தக்காரர் என்று கேட்டவள் நீதானே! கேட்டுவிட்டு நீயே எடுத்துக்கொண்டாய்.

தாம்சின்

*

ஹெப்டன் பிரிட்ஜ்
23 நவம்பர்

தாம்சின்,

தவறு செய்துவிட்டேன். இதை இரண்டாவது தடவை எழுத மாட்டேன், அதனால் மறுபடி ஒருமுறை வாசித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சண்டை. அவளும் கூட்டத்துக்கு வருகிறாள், ஆட்களோடு. உன் வரியைப் பெரிதாக எழுதி அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து பசை வாசனை என் அறை வரை வந்தது. கூப்பிட்டேன்.

"அம்மா, அந்த வரியைத் தூக்கிட்டு நீ போகக் கூடாது."

"ஏன்டா கண்ணு? அது நம்ம எல்லாருக்கும் பொதுவான வலி."

"பொதுவானதுன்னா உன்னோட வலியை எழுதிக்கோ. அவளோடது எதுக்கு?"

"நான் இவ்வளவும் செய்யறது யாருக்காக? உனக்காக."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கலாம். போன வருஷம் மடல்ல போட்ட என் போட்டோ, வாயைப் பொளந்துட்டுத் தூங்கறது, அதுக்கு என்னைக் கேட்டியா?"

அட்டையைக் கொண்டுவந்து என் கண்முன்னால் கிழித்தாள். பிறகு, "ஆனா கூட்டத்துக்குப் போவேன்" என்றாள். அது என் அம்மா. பாதிதான் தோற்பாள்.

அந்தச் சண்டைக்கு நான் கொடுத்த விலை மூன்று நாள் இருட்டு. கொடுத்தது சரிதான்.

இப்போது கேட்கிறேன். தாமதம்தான். உனக்கு என்ன வேண்டும்?

ஜோஸ்

*

டாட்மோர்டன்
30 நவம்பர்

ஜோஸ்,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திரை மூடியிருக்கிறது. தொலைபேசி கழற்றியிருக்கிறது. அம்மா தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது கேட்டேன்.

"ஏம்மா திரையை மூடறே?"

"வெயில்" என்றாள்.

நவம்பர் மாதம், டாட்மோர்டனில், ஓடு பிளக்கிற மழை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பிறகு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவே இல்லை. என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். இரண்டு நாளாக யோசித்தேன். நான் இருப்பது போலவே அவர்கள் என்னைப் பார்க்க வேண்டும். தேறிவிட்டவளாகவும் வேண்டாம், செத்துக்கொண்டிருப்பவளாகவும் வேண்டாம்.

ஒன்று செய்யப் போகிறேன். என்ன என்று எழுதினால் தைரியம் போய்விடும். அம்மாவைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

தாம்சின்

*

ஹெப்டன் பிரிட்ஜ்
4 டிசம்பர்

தாம்சின்,

நீ இப்போது எழுத முடியாத நிலையில் இருப்பாய் என்று தெரியும். பதில் வேண்டாம். நான் கேட்டதைச் சொல்கிறேன். ஒரு பாதி என் அம்மா சொன்னது, மறு பாதி மிஸ்டர் கிராப்ட்ரீ. இரண்டும் ஒத்துப்போவது சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை.

கூடம் நிறைந்திருந்ததாம். நீ சிவப்பு ஷூவோடு மேடை ஓரத்திலிருந்து நடந்து வந்தாயாம். மைக் மறுமுனையில். எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தார்களாம். நீ நடு மேடை வரை வந்து நின்றாய். உட்கார்ந்தாய். பிறகு மல்லாந்து படுத்துவிட்டாய்.

"தண்ணி, தண்ணி கொண்டாங்க!" என்று மருத்துவர் எழுந்தாராம்.

"மயக்கம் இல்ல சார். படுத்திருக்கேன்."

தலைமை தாங்கிய பாதிரியார் குனிந்து, "எழுந்திரும்மா, இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்றாராம்.

"மாட்டேன். மைக்கை இங்க கொண்டு வாங்க."

யாரும் அசையவில்லை. மிஸ்டர் கிராப்ட்ரீதான் மேடை ஏறி மைக்கைக் கழற்றிக் கொண்டுவந்து உன் வாயருகே வைத்தார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். அவரிடம் கேட்டால், "வயர் கால்ல தட்டும்னு எடுத்து வெச்சேன்" என்கிறார்.

நீ பேசியதை அம்மா அப்படியே மனப்பாடமாகச் சொன்னாள். "இந்தப் பாதி மேடைக்கு வர்றதுக்கு ஒரு வாரம் இருட்டுல படுத்திருந்தேன். இனிமே இன்னும் எத்தனை வாரம் படுக்கணுமோ தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இந்தக் கொஞ்சத்தைத்தான் நீங்க எப்பவும் பாக்கறீங்க. மிச்சத்தையும் பாருங்க."

அப்போது என் அம்மா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டினாளாம். அவள் ஆட்களும் எழுந்தார்களாம். நீ தலையைத் திருப்பி, "மோரீன் ஆன்ட்டி, உக்காருங்க. நீங்களும் என்னைக் கேக்கலை" என்றாய். இதை என்னிடம் சொல்லும்போது அம்மாவின் முகம் பீட்ரூட். ஆனால் சொன்னாள். அதற்காக அவளைப் பாராட்ட வேண்டும்.

பிறகு மருத்துவர் கேட்டிருக்கிறார். "ஒரு வாரம் படுத்திருந்தியா? யாரு படுக்கச் சொன்னது?"

நீ வாயை மூடிக்கொண்டாய். நலத்துறை அம்மாள் பேனாவை எடுத்தார்.

முன்வரிசையில் இருந்து உன் அம்மா எழுந்தார். மேடை ஏறி, உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உன் ஷூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிக்கொண்டே பேசினார்.

"நான்தான். இந்தத் தடவை மட்டும் இல்ல, ஒவ்வொரு தடவையும் நான்தான். உங்க மெஷின்ல இவ நல்லா நடந்தது எல்லாம் நான் திரையை மூடிப் படுக்க வெச்சதால. நீங்க பயப்படுத்தினீங்க, நான் பொய் சொன்னேன். இப்ப எழுதிக்கோங்க."

அப்போது என் அம்மா தன் வாழ்க்கையில் இல்லாத சின்னக் குரலில் கேட்டாளாம். "ஜில்லியன், ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா அச்சடிச்சிருப்பே."

வீட்டுக்கு வந்ததும் என் அம்மா அடுப்புக்குப் போய்விட்டாள். சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள், அடி பிடித்துவிட்டது.

நாளை மறுநாள் நலத்துறை ஆட்கள் உன் வீட்டுக்கு வருகிறார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். இருந்தாலும் அன்று காலை கண் துணியை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஜோஸ்

*

டாட்மோர்டன்
8 டிசம்பர்

ஜோஸ்,

என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். எதையும் மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

(மாற்றவில்லை. ஆனால் இவள் அதிகம் பேசுகிறாள் என்பதைப் பதிவு செய்கிறேன். — ஜில்லியன்)

நலத்துறை ஆட்கள் வந்து, முன்னறையில் கூட்டம் போடலாம் என்றார்கள். நான் கீழே வர மாட்டேன், எனக்கு எதிரில் பேசுங்கள் என்று சொல்லியனுப்பினேன். மாடிக்கு வந்தார்கள். என் அறையில் நாற்காலி கிடையாது. கொஞ்ச நேரம் கோட்டும் தொப்பியுமாக நின்றார்கள். அண்ணாந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, உட்காருங்கள் என்றேன். நலத்துறை அம்மாள், பள்ளித் தலைமையாசிரியை, மருத்துவர், செவிலி, எல்லோரும் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியைக்கு முழங்கால் மடங்கவில்லை. செவிலி கை கொடுத்தார்.

நலத்துறை அம்மாள் ஆரம்பித்தார். "தாம்சின், வார்டுல உனக்கு நல்ல கவனிப்பு கிடைக்கும்."

"வார்டுக்கு என்னைத் தூக்கிட்டுப் போகலாம். நான் நடந்து வர மாட்டேன். அங்க போயும் நடக்க மாட்டேன். இதை எங்க அம்மா சொல்லித் தரலை."

"அம்மா பொய் சொன்னது தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தப் பொய்யாலதான் நான் இன்னும் உக்காந்து சாப்பிடறேன்னும் தெரியும்."

சொல்லும்போது பல் அடித்துக்கொண்டது. போர்வையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மருத்துவர் அம்மாவிடம் திரும்பி, எந்தெந்தப் பரிசோதனைக்கு முன்னால் படுக்க வைத்தீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னாள். எல்லாவற்றுக்கும். அவர் தன் கோப்பை மடியில் வைத்து வெகுநேரம் புரட்டினார். மூடினார்.

"அப்படின்னா இவளைப் பத்தி நான் எழுதி வெச்சிருக்கறது எதையும் வெச்சு யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது" என்றார்.

"வேற பிள்ளைங்களைப் பத்தி எழுதி வெச்சது?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படாமல், மூடிய கோப்பை மறுபடி திறந்தார்.

(எனக்கு இவளை எண்ணிப் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுதிவிட்டேன்.)

முடிவு இதுதான். பயிற்சி நிறுத்தம். வார்டு இப்போதைக்கு இல்லை. மார்ச்சில் மறுபடி வந்து பார்ப்பார்கள். அதற்குள் நான் "ஒத்துழைக்க" வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

'முதல் அடி' அம்மாவைத் தலைவர் பதவியிலிருந்து விலகச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் பிரிவைத் திறப்பதை மட்டும் தள்ளி வைத்திருக்கிறார்கள். உன் அம்மா வந்து 'மூடிய திரை'யில் சேரச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

(நடந்து தேறியவர்கள் இருவரை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மோரீன் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அதற்காக எல்லோரையும் நடக்க வைத்தது என் தவறு. இரண்டையும் சொல்ல அனுமதிக்கும் சங்கம் இருந்தால் சேர்கிறேன்.)

இரண்டு பேரும் வாசலில் மழையில் நின்று மறுபடி சண்டை போட்டார்கள். ஆனால் இந்தத் தடவை உன் அம்மா உள்ளே வந்து சண்டையைத் தொடர்ந்தார். தேநீர் குடித்தார்.

கூட்டத்துக்குக் கொடுத்த விலையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். தலையைத் திருப்பினால் சுவர் சுற்றுகிறது. இன்று காலை 'ஜன்னல்' என்ற சொல் வரவில்லை. பயமும் போகவில்லை, ஜோஸ். கார் சத்தம் கேட்டால் இன்னும் மூச்சு நின்றுவிடுகிறது. மார்ச்சில் அவர்கள் நிச்சயம் வருவார்கள்.

வரட்டும். அதற்குள் நாலைந்து நாற்காலி வாங்கி வைக்கலாம் என்கிறாள் அம்மா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரையில் உட்கார்ந்தால்தான் அவர்கள் முகம் எனக்கு நேராக இருக்கிறது.

தாம்சின்